மூன்றாவது மீன்

ஆலிஸ் அக்கா சிரித்தாள். அதுதான் முதலில் சீனிக்குச் சரியாகப் படவில்லை.

சிரிப்பதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் கொஞ்ச நாள் குடியிருந்துவிட்டு வந்து அப்புறம் கேளுங்கள். ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, ரப்பர் பால் வெட்டிய கித்தாத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு மிச்சமாய் நின்ற, தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணியின் பழைய வீடு அது. எண்பத்து நாலாம் வருஷம் அதில் தண்ணீர் இலாகாவில் வேலை செய்த ஸ்டானிஸ்லாசும் அவர் மனைவி ஆலிசும் இருந்தார்கள். முன்னறையை சீனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சீனி ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சலவைக்கல் அறுக்கும் பட்டறையில் வேலை. அவன் வந்த புதிதில் அங்கே தட்டு பறக்காத நாள் கிடையாது. அக்கா வாயைத் திறந்தால் ஊசி, அண்ணன் கையை ஓங்கினால் இடி. சுவரில் மாட்டியிருந்த மாதா படம்கூட ஒருநாள் கீழே விழுந்து நொறுங்கியது.

இப்போது அடுப்படியில் இருவரும் ஒரே கோப்பையில் கோப்பி குடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். வேலை முடிந்து வந்த சீனி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தான். சிரிப்பு நின்றது. இருவரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள், ஒரே நேரத்தில்.

"பசியாறிட்டியா தம்பி?" என்றாள் அக்கா. குரலில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பார்வைதான் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு அறை வரைக்கும் வந்தது.

அறைக்குப் போகும் வழியில் ஹாலில் மீன் தொட்டி. ஸ்டானிஸ்லாஸ் அண்ணனுக்கு மீன் என்றால் உயிர், அதுவும் சாது மீனெல்லாம் ஆகாது. ரெட் டெவில் என்று பேர். பழுத்த பப்பாளி நிறம், அடிபட்டு வீங்கியது மாதிரி ஒரு நெற்றி, தடித்த உதடு, கண்ணாடியில் விரலை வைத்தால் கடிக்கப் பாயும் குணம். ஈப்போவில் மீன் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் வாங்கியது. ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுக்க வேண்டும் என்பது அண்ணனுடைய ஆசை. ஆனால் அந்த ஆண் மீன், கொண்டுவந்து விட்ட பெண்ணையெல்லாம் அடித்தே கொன்றது. செதில் உதிர்ந்து செவுள் கிழிந்து மூலையில் சாய்ந்து நிற்கும், மறுநாள் மிதக்கும். கடைசியில் தவுக்கேதான் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாராம். கன்னத்தில் அக்காவின் நகக்கீறல் காயாத ஒரு நாளில், அண்ணன் அதை சீனிக்கு ஆசை ஆசையாய் விளக்கினார்.

"நடுவுல கண்ணாடி போட்டு, அந்தப் பக்கம் வேற ஒரு மீனை விடணும்லா. எதிரின்னு ஒண்ணு கண்ணு முன்னாலயே இருந்தா இதுங்க ரெண்டும் சேர்ந்துக்கும். இல்லாட்டி ஒண்ணை ஒண்ணு அடிச்சுச் சாகும்."

அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்தக் கறுப்பு மீன். மலிவான ஜாதி, அதற்குக் கிடைத்தது கை அகல இடம். ஜோடி இரண்டும் தோளோடு தோள் சேர்த்து வந்து கண்ணாடியில் முட்டும். டொக். டொக். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் சீனிக்கு அது கேட்டுக்கொண்டே இருக்கும், தொட்டியின் காற்று மோட்டார் சத்தத்துக்கு நடுவில். ஒரு பல் கூட மேலே படவில்லை. ஆனாலும் கறுப்பு மீனின் வால் நைந்தது, நிறம் வெளுத்தது, தீனி போட்டால் திரும்பியும் பார்க்கவில்லை. யாரும் தொடவே இல்லையே அண்ணே, ஏன் இப்படி ஆகுது என்று கேட்டான். பார்த்துப் பார்த்தே கரைச்சிடும்லா என்று அண்ணன் சிரித்தார்.

வீட்டுச் சண்டை நின்றது தன்னால்தான் என்று சீனி நம்பினான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். புருஷன் பெண்டாட்டி அடிதடி முற்றிப்போன வீட்டில் யாரையாவது கொண்டுவந்து சில நாள் தங்க வைப்பது அவர்கள் தோட்டத்து வழக்கம். வெளி ஆள் முன்னால் கை நீட்டக் கூச்சப்பட்டே வீடு அடங்கிவிடும். அவன் அம்மாவே அப்படிப் பக்கத்து வீட்டில் போய்த் தங்கியவள்தான். அந்தத் தைரியத்தில், ஒருநாள் அண்ணன் கை ஓங்கியபோது நடுவில் புகுந்து அந்தக் கையைப் பிடித்தான். விடுங்கண்ணே, பாவம் அக்கா என்றான். இருவரும் அப்படியே நின்றார்கள். மூச்சு வாங்க அவனையே பார்த்தார்கள். அன்றோடு சண்டை தீர்ந்தது. பட்டறையில் கூட வேலை செய்த மாயாண்டியிடம் இதைப் பெருமையடித்தபோது, உனக்கு எதுக்குடா மச்சான் இந்தப் பஞ்சாயத்து என்று அவன் கிண்டல் பண்ணினான்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாய் ஆரம்பித்தது. துவைத்துக் காயப்போட்ட சட்டை சேற்றில் மிதிபட்டுக் கிடக்கும். அவன் கோப்பை கொல்லையில், நாய்த் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்போது குளியலறையில் தண்ணீர் நின்றுபோகும். கேட்டால் இருவருமே கையை விரிப்பார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை, பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் இப்படிச் செய்கிறவர்களை என்னவென்று கேட்பது? நமக்குத்தான் சந்தேக புத்தி என்று தன்னையே நொந்துகொண்டான்.

மனசு கேட்காமல் ஒரு சனி ஞாயிறு ஆயர் தாவாருக்குப் போனான். திரும்பி வந்தபோது ஹால் முழுக்கக் கண்ணாடிச் சில்லு. அக்காவின் முகம் வீங்கி ஒரு கண் மூடிப்போயிருந்தது. அண்ணன் காதில் பல் பதிந்த தடம். வாசலில் சீனியைக் கண்டதும் இரண்டு முகத்திலும் அப்பாடா என்று ஒரு நிம்மதி. அக்கா அழுதேவிட்டாள்.

"இனிமே எங்கயும் போகாத தம்பி. நீ இல்லாட்டி இவர் என்னைக் கொன்னுடுவார்."

போய்த் தொலைவோம் என்று நினைத்தவனின் கழுத்தில் ஒரு பெண்ணின் உயிரைக் கட்டிவிட்டார்கள். இருந்துவிட்டான். அன்று சாயங்காலமே அக்கா அண்ணன் காதுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். தடவும்போது அவள் காதைப் பார்க்கவில்லை. இருவரும் சீனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் அறை ஒரு காலத்தில் கிராணியின் ஆபீஸ். ஹாலைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் ஒன்று அதில் உண்டு, திறக்க முடியாதது. மறைப்பாக ஒரு கைலியை மாட்டியிருந்தான். ஒரு ஞாயிறு மத்தியானம் தூங்கி விழித்தபோது கைலி ஓரம் விலகியிருந்தது. அந்த இடைவெளியில் இரண்டு முகங்கள். மூக்கு கண்ணாடியில் அழுந்தி, மூச்சு படிந்து, பக்கத்தில் பக்கத்தில். அவன் எழுந்து உட்கார்ந்தான். அவை விலகவில்லை. சீனிதான் கடைசியில் எழுந்து கைலியை இழுத்துவிட்டான். அதற்குப் பிறகு தினமும் துடைப்பான். தினமும் வேலை முடிந்து வரும்போது கண்ணாடியில் இரண்டு எண்ணெய்த் தடங்கள் புதிதாய் இருக்கும்.

அடுப்படிப் பேச்சு சில நேரம் காதில் விழும். அது இன்னும் எழுந்திருக்கலையா என்று அண்ணன் கேட்பார். மூலையிலயே கிடக்கு என்பாள் அக்கா. மீனைச் சொல்கிறார்கள் என்று சீனி நினைத்துக்கொள்வான். சோறு வச்சாலும் தொடறதே இல்ல என்றாள் ஒருநாள். மீனுக்கு யாராவது சோறு வைப்பார்களா?

உண்மையிலேயே சோறு இறங்கவில்லை. சிலுவார் இடுப்பில் நிற்கவில்லை, தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. கல் அறுக்கும்போது கை ஆடியதைப் பார்த்து மாயாண்டி மெஷினை நிறுத்தினான். அந்த வீட்டை விட்டு வாடா, குனோங் ராப்பாட்டுல என் வீட்ல வந்து படு என்று அதட்டினான். அக்காவை நினைத்து சீனி வரவில்லை என்றுவிட்டான்.

இருவரும் மாதா கோயில் பூசைக்குப் போய் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் அவனை ஹாலுக்குக் கூப்பிட்டார். குஞ்சு பொரித்திருந்தது. கண்ணிமை முடி அளவில் ஒரு கூட்டம், தாயின் வயிற்றோரம் மொய்த்துக்கொண்டு. அண்ணன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டு, நடுக் கண்ணாடியை மேலே உருவினார்.

அண்ணே, அந்தக் கறுப்பு மீன் என்று சீனி பதறினான்.

"குஞ்சு வந்துட்டா ரெண்டும் ஒண்ணாயிடுச்சுன்னு அர்த்தம். இனிமே கண்ணாடி எதுக்கு?"

ஜோடி அவசரப்படவில்லை. பெண் மீன்தான் முதலில் போனது. கறுப்பு மீன் ஓடக்கூட இல்லை. இத்தனை நாள் எதிர்பார்த்துச் சலித்ததுபோல மூலையிலேயே நின்றது. முதலில் கண். அப்புறம் வயிறு. சீனி வாயைப் பொத்திக்கொண்டான். பின்னால் நின்றிருந்த அக்கா தன் அடிவயிற்றில் கையை வைத்து, நமக்கும் வந்துடுச்சுலா என்று அண்ணனிடம் மெதுவாகச் சொன்னாள். சந்தோஷம் அக்கா என்றான் சீனி. இருவரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே மாயாண்டியிடம் சொல்லிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. ஆனால் பயத்துக்கு மேலே இன்னொன்று அவனை அரித்தது. தான் போனால் அக்கா? வயிற்றில் பிள்ளையோடு அடி வாங்குவாளே! சனிக்கிழமை மத்தியானம் பின்பக்கக் குழாயடியில் அவள் தனியாய்த் துணி அலசிக்கொண்டிருந்தபோது போய் நின்றான்.

"நான் போறேன்கா. உங்களை இங்க விட்டுட்டுப் போக மனசு வரலை. தெலுக் இந்தான்ல உங்க அம்மா வீட்ல கொண்டுபோய் விடுறேன், வாங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியது. "அவர் சாயங்கால வேலைக்குப் போனதும் பையை எடுத்துக்கிட்டு வாரேன்," என்றாள். "நீ அறையிலயே இரு. வெளிய வராத."

எத்தனை நாளைக்குப் பிறகு அவனுக்கு வயிறு பசித்தது! ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்ற நிறைவோடு துணிமணியை மடித்து வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தான்.

சாயங்காலம் சுண்ணாம்பு மலைப் பக்கமிருந்து மழை வந்தது. தகரக் கூரையில் கல்லை வாரி இறைத்ததுபோல இறங்கி, ஈர மண்ணும் அழுகிய கித்தா இலையும் கலந்த வாடையை ஜன்னல் இடுக்கெல்லாம் திணித்து, வாசலையும் ரோட்டையும் ஒரே வெள்ளைத் திரையாய் மூடி, மாயாண்டியின் மோட்டார் சத்தம் வந்தாலும் கேட்காதபடி அடித்துப் பெய்தது. கரண்ட் போனது. ஹாலில் காற்று மோட்டார் நின்றது. அத்தனை நாளும் காதில் இருந்த அந்த இரைச்சல் போனபிறகு வீடு வேறு வீடாய்த் தெரிந்தது. அண்ணன் வேலைக்குப் போகும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். வாசல் கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் ஹால் பக்கமிருந்து சுரண்டும் சத்தம் கேட்டது. மரத்தில் இரும்பு வைத்து, பொறுமையாக, ஓரம் ஓரமாக.

எலி என்று நினைத்தான். எலி இத்தனை நேராய்ச் சுரண்டாது. மழை சற்றுத் தணிந்தபோது அது நின்றிருந்தது. எதையோ தரையில் பதமாகச் சாய்த்து வைக்கும் சத்தம். அவ்வளவுதான்.

அக்கா என்று கூப்பிட்டான்.

எழுந்து கதவை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தோட்டம் பக்கத்து ஜன்னலில் கிராணி காலத்துக் கம்பி. மாயாண்டி, மாயாண்டி என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். மழைதான் கேட்டது.

திரும்பினான்.

கைலி அசைந்தது.

ஹால் பக்கத்துக் கைலி. கண்ணாடிக்கு முன்னால் மாட்டிய கைலி. காற்று வர வழியே இல்லாத இடம். மெல்ல உப்பியது. அடங்கியது. ஈரக் காற்றோடு மீன் தொட்டி வாடை வந்தது.

ஓட இடமும் இல்லை. முதுகு தானாகவே மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

ஒரு கை கைலியை ஒதுக்கியது. சட்டத்தில் கண்ணாடி இல்லை. வளையல் போட்ட கை. அக்கா. பை இல்லை. பக்கத்தில் அண்ணன், கன்னத்தோடு கன்னம் வைத்து. கோபம் இல்லை. வெறுப்புகூட இல்லை. அத்தனை நிம்மதியான முகங்களை அவன் அந்த வீட்டில் கண்டதே இல்லை.

அக்காதான் முதலில் காலைத் தூக்கினாள்.

"மெதுவா," என்றார் அண்ணன். "வயிறு."

இடுப்பில் ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை கொடுத்து, மாசமான பெண்ணை எப்படித் தூக்க வேண்டுமோ அப்படித் தூக்கி, அவளை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டார்.