சோஃபியாவுக்கு எடுத்து வைத்த செம்மண்

தைல மரங்களுக்கடியில் மெழுகுவத்தி வாசனை அடித்தது. யாரும் ஏற்றியிருக்கவில்லை.

ஆனேக்கல் பக்கம் எட்டுத் தைல மரங்களோடு வாங்கிய துண்டு நிலத்துக்கு லாயிட் ‘எஸ்டேட்’ என்று பித்தளைப் பலகை அடித்திருந்தார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு விவேக் நகரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் வயிறெரியும்படி அங்கே புல்தரை வேண்டும். மண்ணோ கல்லாய் இறுகிக் கிடந்தது. கடப்பாரையைப் போட்டால் மரவேர்தான் பதில் சொன்னது. வேர்களை வெட்டினார், எருவும் மணலும் கலந்தார், ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்றை மண்ணில் செருகி நாடி பார்க்கும் டாக்டரைப் போலத் தலையசைத்தார். புல்லுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை.

கடைசியில் செம்மண் ஒரு மூட்டை குறைந்தது. பின்வாசலில் இருந்ததை எடுத்துக் கொட்டிவிட்டார். கல்லறைத் திருநாளுக்காக அவர் மனைவி பெர்னதெத் ஒதுக்கி வைத்திருந்த மண் அது. ஆறு வயதில் காய்ச்சலில் போன மகள் சோஃபியாவின் குழிமேட்டில் வருஷா வருஷம் புதுமண் அணைத்து மெழுகுவத்தி ஏற்றுவாள். இந்த வருஷம்தான் போகவில்லை.

“மண்ணுதானே பெர்னா. அடுத்த வாரம் போலாம். அவ எங்க போயிடப் போறா?” என்றார் லாயிட்.

அடுத்த வாரமும் போகவில்லை.

அந்த மூட்டை விழுந்த இடத்தில் மட்டும் புல் முளைத்தது. ஒரு குழந்தை படுக்கும் அளவு. சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போது தைல இலைகளின் காரமும் எருவின் புளிப்பும் கலந்த காற்று சட்டென்று நின்றுவிடும். நின்ற பிறகும் அந்தப் புல் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும். பெர்னதெத் ஒருநாள் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக, தலைக்கு ஊற்றிவிட்ட கூந்தல்போல் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் காலைகளில் சோஃபியா தலையைச் சாய்த்துக் கொடுப்பாள். கடைசிக் காலையில் அவசரத்தில் இடது பின்னலைத் தளர்வாகப் போட்டு அனுப்பியது கையில் இன்னும் இருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள்.

“என்னங்க, அந்த எடத்தத் தொடாதீங்க.”

“சுத்தி வழுக்கை, நடுவுல குடுமி. கெஸ்ட்டுங்க சிரிப்பாங்க. ரெடிமேட் புல்லு வருது, நீ சும்னிரு.”

விருந்துக்கு முந்தின நாள், வெளிச்சம் மங்கும் நேரம், லாயிட் மண்வெட்டியால் புல்லின் ஓரத்தைக் கிளப்பினார். பாய்போல் எழும்பியது. பாதியில் நின்றது.

மண்வெட்டி விழுந்தது. எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தவர் வாய் திறந்தபடி பின்னால் நகர்ந்தார்.

பெர்னதெத் குனிந்தாள். புல்லுக்கடியில் வேர்கள். கறுப்பாக. மெல்லியதாக. இரட்டைப் பின்னல். மண்ணுக்குள் இறங்கி, விறைப்பாக.

வலது இறுக்கம்.

இடது தளர்வு.

ஓட வேண்டும். மண்டியிட்டாள். இடது பின்னலை அவிழ்த்து, மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

அவள் கைக்கு வசதியாக, மண்ணுக்கடியில் அது மெல்லத் தலையைச் சாய்த்துக் கொடுத்தது.