வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

சிறையிலிருந்து வெளியே வந்து போக்கிடம் இல்லாதவர்கள் தங்கும் விடுதி என்றால், திருவானைக்காவலில் ஆட்டோக்காரரே முகத்தைச் சுளித்தபடி கொண்டுவந்து விட்டுவிடுவார். ஆய்வு அதிகாரி கலைமதியும் அப்படித்தான் வந்து இறங்கினார். காலை நேரம், நல்ல வெயில்.

நிர்வாகி ஜெயக்குமார் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். அவருக்கு உரிமம் புதுப்பித்தாக வேண்டும். அறைக் கதவுகளுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருக்கக் கூடாது என்பது விதி. இது சிறை இல்லையே. அதனால் விடிந்ததுமே அத்தனையையும் கழற்றி, ஸ்க்ரூ ஓட்டைகளை அடைத்துப் பெயின்ட் பூசியிருந்தார். அதிகாரி போனதும் திரும்ப மாட்டிவிடுவார். ஒவ்வோர் ஆய்வுக்கும் நடக்கிற கூத்துதான்.

மாடியில் கடைசி அறைக்குள் கலைமதி முதலில் நுழைந்தார். மற்ற அறைகளிலெல்லாம் பெயின்ட் நெடி. இங்கே மட்டும் பீடியும் தைலமும் கலந்த வாடை.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

வெளியே நின்ற ஜெயக்குமார் கதவைப் பார்த்தார். வெறும் பலகை. தோளைக் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை.

உள்ளேயிருந்து கலைமதி மெதுவாகத் தட்டும் சத்தம்.

"சார், மூச்சு முட்டுது. கதவைத் திறங்க."

ஜெயக்குமார் கதவிலிருந்து தோளை எடுத்தார். போன ஐப்பசியில் இதே அறைக்குள்ளிருந்து மருதையும் இதையேதான் சொன்னார். ஆயுள் தண்டனை முடிந்து வந்து, துறையூரிலிருந்து மகள் கூட்டிப்போவாள் என்று காத்திருந்த கிழவர். யாரும் நழுவிவிடாமல் அறைகளைத் தாழிட்டுவிட்டு மதியம் ஒரு தூக்கம் போடுவது ஜெயக்குமாரின் வழக்கம். கிழவன் நடிக்கிறான் என்று அன்று புரண்டு படுத்தார். தூக்கம் வரவில்லை. தட்டுவது நிற்கும்வரை கேட்டுக்கொண்டே கிடந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று மகளிடம் சொன்னார். அவள் இவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. அவமானம் பிடுங்கித் தின்னும்.

"சார், இருக்கீங்களா?" என்றார் கலைமதி.

உள்ளே, அவருக்குப் பக்கத்தில், இன்னொரு குரல் தாழ்ந்து பேசியது.

"அவரு முழிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்காரு. திறக்க மாட்டாரு."

ஜெயக்குமார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதவு தானாகத் திறந்தது. வியர்வையைத் துடைத்தபடி கலைமதி வெளியே வந்தார்.

"அந்தப் பெரியவரையும் கூப்பிடுங்க சார். நான் சொன்னா வர மாட்டேங்கிறாரு. நீங்க கூப்பிட்டாத்தான் வருவாராம்."

ஜெயக்குமார் வாயைத் திறந்தார். மருதை என்ற பெயர் தொண்டையைத் தாண்டவில்லை. கலைமதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விரியத் திறந்துகிடந்த அந்தக் கதவை, உள்ளிருந்து யாரோ மறுபடி தட்டினார்கள்.