உப்பு போட்ட டீ

சுண்டெலி என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடும் சிறுமிக்கும் அவள் அப்பாவுக்கும் ஓயாத போட்டி ஒன்று உண்டு. யார் யாரை ஏமாற்றுவது என்ற போட்டி. அப்பா அவள் செருப்பை ஒளித்து வைப்பார். அவள் அப்பாவின் டீயில் உப்பைப் போடுவாள். ஒரு வாய் குடித்ததும் அப்பா குதிக்கிற குதி இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

பிறகு அப்பாவின் நாக்கில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பின் கதிர்வீச்சு சிகிச்சை. மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் அப்பாவுக்குச் சாப்பாடு. அம்மா சமையலறையில் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார். சுண்டெலி பார்க்காதது போல இருப்பாள்.

ஒருவழியாகச் சிகிச்சை முடிந்தது. குழாயையும் எடுத்துவிட்டார்கள்.

"நாளைக்கு பேக்கரிக்குப் போறேன்," என்றார் அப்பா. அங்கே அவர்தான் மாஸ்டர். பன்னும் கேக்கும் அவர் கைப்பக்குவம்.

சுண்டெலிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை அப்பாவின் டீயில் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்பா ஒரு வாய் குடித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மீதியையும் குடித்தார்.

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அப்பா குதிக்கவே இல்லை. அன்று எந்தப் பாடமும் மண்டையில் ஏறவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பேக்கரிக்கு ஓடினாள்.

வாசலில் ஒருவர் பன்னைத் துப்பிக்கொண்டிருந்தார். "என்னங்க இது? க்ரீம் ஒரே உப்பு!"

அப்பா இல்லாதபோது யாரோ டப்பாக்களை இடம் மாற்றியிருந்தார்கள். சர்க்கரைப் பொடி இருந்த இடத்தில் உப்பு. அப்பா பழைய நினைப்பில் அதை அள்ளிவிட்டார். வழக்கம்போல விரல் நுனியில் தொட்டு ருசி பார்த்தார், தலையாட்டினார், தட்டுத் தட்டாக அனுப்பியும்விட்டார்.

முதலாளியம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ருசி பாத்துட்டுத்தானே மாஸ்டர் அனுப்புனீங்க? இப்படியே போனா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

அப்பா உள்ளே போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். சுண்டெலி பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, காலையில டீல உப்பு போட்டேன்."

"நீ ஏதோ போட்டேன்னு தெரியும்மா. உன் மூஞ்சியே சொல்லுச்சு. என்னன்னுதான் தெரியல. எத வாயில வெச்சாலும் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"எப்ப சரியாகும்?"

"ஆகலாம், ஆகாமலும் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

"முதலாளியம்மாகிட்ட சொல்லிடுங்கப்பா."

"சொன்னா வேலை போயிடும்மா."

"சொல்லலைன்னாலும் போகத்தானே போகுது?"

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். முதலாளியம்மா முன்னால் போய் நின்றார்.

"எனக்கு ருசி தெரியலம்மா." அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? கை நல்லாத்தானே இருக்கு? நீங்க கலக்குங்க. யாராவது ருசி பாக்கட்டும். நானே பாப்பேன், எனக்குத்தான் சர்க்கரை வியாதியாச்சே."

சுண்டெலியின் கை தானாக மேலே போனது.

"பேக்கரிக்குள்ள எலியை விடுறதா?" என்றார் முதலாளியம்மா. ஆனாலும் ஸ்பூனை எடுத்து நீட்டினார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் க்ரீமை ருசி பார்ப்பது சுண்டெலியின் வேலை. "இன்னும் கொஞ்சம் இனிப்பு," என்பாள். அப்பா போடுவார். தெருவே மெச்சிய நாக்கு அவருடையது. அதை நினைத்துச் சில நாள் அப்படியே நின்றுவிடுவார். பார்க்க அவளுக்கும் வலிக்கும்.

வீட்டிலும் அவள் விடவில்லை. தினமும் டீயில் ஏதாவது போடுவாள். ஒரு நாள் உப்பு, ஒரு நாள் காபிப் பொடி, ஒரு நாள் அள்ளி அள்ளிச் சர்க்கரை.

"என்ன போட்டேன், சொல்லுங்க?"

"தெரியலம்மா."

"அவரை ஏன்டி வாட்டுற?" என்று அம்மா அதட்டுவார்.

"விடு, கேக்கட்டும்," என்பார் அப்பா.

மழைக்காலம் வந்து போனது. ஒரு காலை அப்பா ஒரு வாய் குடித்தார். கப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவர் முகம் கோணியது.

"என்ன போட்டேன், சொல்லுங்க?"

"உப்பு," என்றார் அப்பா.

சொல்லிவிட்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.