ஒன்பது விநாடிப் பொதி

சனிக்கிழமை, காலை 9.10. ப்ளோவ்திவ் நகரத் தன்னார்வலர் அறையில் திருட்டு குறித்த விசாரணை தொடங்கியது. அவர்கள் இலவசமாக வழங்கிவரும் இயங்குதளத்தில் சேர்த்திருந்த குறிப்பேட்டுக் கருவி, நானூறு பேருடைய கடவுச்சொற்களை யாருக்கோ அனுப்பிவிட்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட அக்கருவியைப் பயனர்கள் நிறுவிக்கொள்ளும் பொதியில் ராத்காவின் மின்கையொப்பம் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பொதிகளைச் சரிபார்த்து ஒப்பமிடுபவர் அவர். நண்பகலுக்குள் காரணம் தெரியாவிடில் அவ்வுரிமை பறிபோகும்.

பொதியைத் தயாரித்தவன் குழுவின் இளைஞன் தேசிஸ்லாவ். மேசைமேலிருந்த பனீட்சாப் பலகாரத்தை அவன் தொடவேயில்லை.

விசாரிக்க வந்தவர் ஸ்தான்கா. நூலகர், குழுவின் மூத்த உறுப்பினர்.

"மூலநிரலைப் படிச்சியா, ராத்கா?"

"மூணு தடவை, வரி வரியா. சுத்தமா இருந்துச்சுக்கா."

"தேசி, அதுலேருந்துதான் பொதியைக் கட்டுனியா?"

"விதி அதுதானேக்கா."

விதி அதுவே. மனிதர் படிக்கக்கூடிய மூலநிரலிலிருந்து, இணையத்தைத் துண்டித்த கணினியில் கருவியைப் புதிதாகக் கட்டவேண்டும். அதை எழுதியவர்களின் தளத்தில் கிடைக்கும் ஆயத்தக் கோப்பைத் தொடலாகாது. அது ஒரே வரியாக நசுக்கப்பட்டிருக்கும். உள்ளே எது ஒளிந்திருந்தாலும் கண்ணுக்குப் புலப்படாது.

10.25. அதே மூலநிரலைத் தேசிஸ்லாவின் கணினியிலேயே கட்டச்சொல்லிவிட்டு, ஸ்தான்கா கடிகாரத்தைப் பார்த்தவாறு அமர்ந்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"இதுக்குள்ள எழுநூறு குட்டிக் கருவி இருக்குக்கா," என்றார் ராத்கா. "ஒண்ணு வரலேன்னாலும் நின்னுடும்."

"கல்யாணத்துல மாமன் கோச்சுக்கிட்ட மாதிரி," என்றார் ஸ்தான்கா.

தேசிஸ்லாவ் சிரிக்க முயன்றான்; இயலவில்லை.

11.05. துணைக்கருவி ஒன்றைக் காணவில்லை என்று கூறிக் கணினி நின்றுவிட்டது.

"நாப்பது நிமிஷம் ஓடியும் முடியலை," என்றார் ஸ்தான்கா. "ஆனா பொதி கட்டுன விவரம்னு தேசி அன்னைக்கு அனுப்புன பதிவேட்டுல கடைசி வரி 'வெற்றி'. நாம எல்லாரும் அதை மட்டும் படிச்சோம். அதுக்கு மேல் வரியில நேரம் இருக்கு. ஒன்பது விநாடி. நீ கட்டவே இல்லை, தேசி. ஆயத்தக் கோப்பை எடுத்து உள்ள வச்சுட்ட. விஷம் அதுலதான் இருந்திருக்கு. திருடன் வேற எவனோ. கதவைத் தொறந்து விட்டது நீ."

அவன் தலை கவிழ்ந்தது. "மூணு தடவை உடைஞ்சுதுக்கா. புது வெளியீட்டுக்கு அன்னைக்குத்தான் கடைசி நாள்."

"சரி. காலையில நான் கேட்டப்போ ஏன் மறைச்ச?"



ராத்கா மெல்லப் பேசினார். "மூலநிரல் சுத்தம், அப்போ வீட்ல இருக்கற என் மின்கையொப்பச் சாவியை எவனோ எடுத்து வேற பொதியில ஒப்பம் போட்டுட்டான்னு நெனச்சேன்டா. வீட்ல இருக்கறது நாங்க ரெண்டே பேரு. எட்டரை மணிக்கே சேதி வந்துச்சு. நீங்களா எடுத்தீங்கன்னு என் புருஷனைக் கேட்டுட்டுத்தான் இங்க வந்தேன்."

11.40. குழுவினர் அனைவருக்குமான கடிதத்தை, 'அவசரத்தில்' என்று அவன் தொடங்கினான். அச்சொல்லை அழித்துவிட்டு, 'விதியைத் தெரிந்தே மீறினேன், கேட்டபோது மறைத்தேன், ராத்கா மீது பிழையில்லை' என எழுதி அனுப்பினான்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், மாடத்தில் ராத்கா கணவரை அழைத்து, கைபேசியைக் காதில் வைத்து நின்றிருந்தார். நெடுநேரம் அவரே பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையிலிருந்து மறுமொழி வருவதாகத் தேசிஸ்லாவுக்குத் தோன்றவில்லை.