கமிஷனர் வரும் வரைக்கும்

கொடியில் யாருடையதோ ஒரு புடவை தொங்கிக்கொண்டிருந்தது. அரக்கு நிறம், ஒன்பது கஜம். இப்போதுதான் பிழிந்து போட்ட மாதிரி அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிரதிபா காலையில் காயப்போட்டுவிட்டுப் போன இரண்டு சுடிதாரும் துண்டும் ஓரமாகத் தள்ளப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. கொல்லையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர். வாசல் பூட்டின் சாவி அவள் கைப்பையில்தான் இருக்கிறது. வீட்டில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது.

ஆள் கிடையாது என்பதால்தான் அவளைக் கொண்டுவந்து குடிவைத்ததே. சட்டக் கல்லூரிக் கோடை விடுமுறையில் மைசூர் வக்கீல் செந்தில்நாதனின் ஆபீசுக்குப் பயிற்சிக்கு வந்த பெண் அவள். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள். கடைசிப் பரீட்சை முடிந்ததும் ஜூனியராக வந்துவிடு என்று சார் கூப்பிட்டார். ராமாபுரத்தில் பருத்தி வியாபாரம் செய்யும் அப்பா சுப்பையா லேசில் விடவில்லை. "ஒரு வருசம் பாரு கண்ணு. சரிப்படலீன்னா ஈரோட்டு மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிப்போடுவேன். அப்புறம் அளுது பிரயோசனமில்லை" என்று சொல்லித்தான் மைசூர் பஸ் ஏற்றினார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

வந்து இறங்கியதுமே சார் இந்த அக்ரஹாரத்து வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். "நம்ம கட்சிக்காரர் யக்ஞநாராயணன் வீடும்மா. கேஸ் நடக்குது. வீட்டுல யாரு குடியிருக்காங்கன்னு நேர்ல பாத்து எழுதிக் குடுக்கக் கோர்ட்டு ஒரு கமிஷனரைப் போட்டிருக்கு. அவர் வரப்போ வீடு நம்ம கையில இருக்கணும். நீ பாட்டுக்குச் சமை, துணி காயப்போடு, வாசல்ல கோலம் போடு, சாயங்காலமானா லைட்டைப் போடு. இதை மட்டும் ஒழுங்கா செஞ்சிடு, நம்ம ஆபீஸ்ல உன் நாற்காலியை யாரும் அசைக்க முடியாது. ஆய்த்தா?"

ஆயிற்று என்று தலையாட்டினாள். வாடகை இல்லாத வீடு, யாருக்குக் கசக்கும்?

புடவையைப் பார்த்த மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால், வாசலில் கோலம். வாசலையே அடைத்துப் போட்ட இழைக்கோலம், காவி பூசி, ஒரு இழைகூடப் பிசகாமல். எதிர்வீட்டு மல்லம்மா பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க மாமியார் வந்துட்டாங்களா?" என்று கன்னடத்தில் கேட்டாள். "இந்த வயசுல குனிஞ்சு எவ்வளவு பெருசாப் போட்டாங்க! நான் கூப்பிட்டேன், திரும்பியே பாக்கலை."

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க."

மல்லம்மா சிரித்தாள். "சொல்ல வேண்டாம்னா விடும்மா" என்று போய்விட்டாள்.

ஆபீசில் சொன்னதும் சார் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "எதிர் பார்ட்டி வேலைம்மா! அவங்களும் நாங்கதான் இருக்கோம்னு காட்டணுமில்ல? எவளையோ புடிச்சு சுவர் ஏறிக் குதிக்க விட்டிருக்கானுங்க."

எதிர் பார்ட்டி பம்பாயில் இருக்கும் இரண்டு பேர். கட்சிக்காரரின் அண்ணி வாலாம்பாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில்தான் இருந்தாள், அங்கேயேதான் செத்தாள், அவளுடைய அக்கா பிள்ளைகளான எங்களுக்குத்தான் வீடு என்பது அவர்கள் கேஸ். அதற்குப் பதில் எழுதியதே கோடையில் பிரதிபாதான். எதிராளி சொல்வதில் ஒன்றையும் ஒத்துக்கொள்ளக்கூடாது என்பது வக்கீல் ஆபீசில் முதல் பாடம். ஆகவே, வாலாம்பாள் என்பவர் எந்தக் காலத்திலும் இந்த வீட்டில் குடியிருந்ததே இல்லை என்று ஒரே போடாகப் போட்டாள். சார் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, ஒன்றை இரண்டாகப் பங்கிட்ட பைட்டூ காபி வாங்கிக் கொடுத்தார். வாலாம்பாள் எப்படி இருப்பாள், என்ன சமைப்பாள் என்று அப்போது அவள் ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. யார் நினைப்பார்கள்?

"அவங்க போட்டா நீ கலை. நீயும் போடு. ஒரு அடி விட்டுக்குடுத்தே, வீடு போச்சு" என்றார் சார்.

சரி, பார்த்துவிடலாம் என்று அவளுக்கும் ஒரு வீம்பு வந்தது. தேவராஜ மொஹல்லாக் கடைத்தெருவில் புதுப் பூட்டு வாங்கினாள். கோலத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். அந்தப் புடவையைக் குச்சியால் சுருட்டி எடுத்தபோது அது அநியாயத்துக்குக் கனத்தது, ஈரத்தோடு கற்பூரமும் பழைய தலைமுடி எண்ணெயும் கலந்த ஒரு வாடை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் சந்தில் வீசினாள். மனசுக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் தூறலில் நனைந்துகொண்டு வந்து புதுப் பூட்டைத் திறந்து உள்ளே போனால், சமையலறைக் கதவு உட்புறமாகத் தாழிட்டிருந்தது. அவளுடைய ஸ்டவ், வாணலி, இரண்டு தட்டு, உப்பு டப்பா எல்லாம் கூடத்தில் இருந்தன. யாரும் வீசி எறிந்திருக்கவில்லை. கழுவி, துடைத்து, சுவரோரமாக வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து புளி கொதிக்கும் வாசனையும் நெய்யில் பெருங்காயம் பொரியும் வாசனையும் வந்தன. கரண்டி பாத்திரத்தில் மோதும் சத்தம் நிதானமாக, அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரு உள்ள? போலீசைக் கூப்பிடுவேன்!"

கரண்டிச் சத்தம் நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு சத்தம் மறுபடி தொடங்கியது.

ஓடியிருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். எங்கே ஓடுவது? ராமாபுரம் பஸ்ஸில் ஏறினால் அடுத்த முகூர்த்தத்தில் ஈரோடு. படித்த படிப்பு அத்தனையும் அடுப்பங்கரையோடு சரி. கமிஷனர் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, இரவெல்லாம் கூடத்து விளக்கை அணைக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து உள்ளறை போயிற்று. பெட்டியும் பாயும் வெளியே வந்து மடிப்புக் கலையாமல் இருந்தன, கதவு தாழ். உள்ளே யாரோ துணியை உதறி உதறி மடித்தார்கள். அப்புறம் கொல்லைக் கதவு. குளிக்க வழியில்லாமல் தெருக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு ஆபீஸ் போனாள். சாரிடம் மறுபடியும் சொல்ல வாயெடுத்தாள். பயந்தாங்கொள்ளிகள் கோர்ட்டுக்கு லாயக்கில்லை என்று யாரைப் பற்றியோ அவர் திட்டிக்கொண்டிருந்ததால் பேசாமல் திரும்பினாள். கூடம் மட்டும் மிச்சமிருந்தது. கூடத்திலும் வாசல் ஓரம் ஒரு நாற்காலி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குமாஸ்தா ரத்தினவேல் அவசரமாக வந்தார். "இன்னைக்குச் சாயங்காலம் கமிஷனர் வராராம். நீ முன்னாடி போய் உக்காரும்மா, நான் அவரைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்."

அப்பாடா! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் விழும் மழையின் இரைச்சலில் தெருவில் போகும் ஸ்கூட்டர் சத்தமும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் கரண்ட்டும் போயிற்று. ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில் மூன்று கதவுகள் தெரிந்தன. சமையலறை, உள்ளறை, கொல்லை.

கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகியது.

உள்ளறைத் தாழ்ப்பாள்.

சமையலறைத் தாழ்ப்பாள்.

மூன்று கதவும் திறந்தன. யாரும் வரவில்லை. வாடை மட்டும் வந்தது. ஈரப் புடவை, கற்பூரம், பழைய எண்ணெய். அது நாற்காலிக்கு எதிரே வந்து நின்றது. பிரதிபா இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்க மாட்டேன். இதை விடமாட்டேன்.

பாதம் சில்லிட்டது. அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

முழங்கால். அதுவும் போயிற்று.

இடுப்பு. வயிறு. ஒவ்வொன்றாக.

கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகவே விரிந்தன. இரண்டு கையும் மடியில் வந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, பாந்தமாக அமர்ந்தன. அவள் வைக்கவில்லை. அய்யோ, அவள் வைக்கவே இல்லை. அம்மா என்று கத்தினாள். தொண்டைக்கு மேல் சத்தம் ஏறவில்லை.

கதவைத் தட்டினார்கள்.

கால்கள் எழுந்தன. நடந்தன. கை தாழை நீக்கியது.

"கமிஷனர் சார் வந்திருக்காரும்மா" என்றார் ரத்தினவேல், குடையை மடக்கிக்கொண்டே.

"வாங்கோ. உள்ளே வாங்கோ."

அது அவள் குரல்தான், கொஞ்சம் கரகரத்திருந்தது. ரத்தினவேல் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். அண்ணா, நானில்லை, நல்லாப் பாருங்கண்ணா! "என்னம்மா, மழையில நனைஞ்சியா? குரல் கட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைக் கழற்றப் போய்விட்டார்.

கமிஷனர் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். பளிச்சென்று துடைத்த சமையலறை, சூடான ரசம், மடித்து அடுக்கிய துணிகள். "இங்க யாரு குடியிருக்கறது?"

"நான்தான்."

"கூட யாராவது?"

"யாருமில்லை."

கையெழுத்துக் கேட்டார். வேறு பெயரை எழுதட்டும், மாட்டிக்கொள்ளட்டும் என்று பிரதிபா உள்ளே வேண்டிக்கொண்டாள். விரல்கள் பேனாவை வாங்கி, பிரதிபா என்று அவள் போடுவது போலவே, கடைசி எழுத்தை இழுத்துவிட்டுப் போட்டன.

"கேஸ் நமக்குத்தாம்மா!" ரத்தினவேலுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "சார் ரொம்ப சந்தோஷப்படுவாரு. உங்கப்பாவுக்கும் போன் பண்ணிச் சொல்லிடட்டா?"

"சொல்லுங்கோ. நான் இங்கேயே இருந்துடறேன்னு சொல்லுங்கோ."

குடைகள் தெருமுனை திரும்பும் வரை அது வாசலில் நின்று பார்த்தது. பிறகு கதவைத் தாழிட்டது. பின்னலை அவிழ்த்துக் கொண்டையாக முடிந்துகொண்டது. கூடத்தின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாள் முழுக்க வேலை செய்தவளாக ஒரு பெருமூச்சு விட்டது. இமைகள் மெல்ல இறங்கின. பிரதிபாவுக்குத் தெரிந்த கடைசி வெளிச்சமும் அடைபட்டது.

இருட்டில் அவள் தட்டினாள். இரண்டு கையாலும், பலங்கொண்ட மட்டும், அப்பா, அப்பா என்று அலறிக்கொண்டு தட்டினாள்.

வெளியே அந்தக் கை எழுந்து, துடிக்கும் நெஞ்சின்மேல் படிந்து, தொட்டிலில் சிணுங்கும் பிள்ளையைத் தட்டுவது போல மெதுவாகத் தட்டிக்கொடுத்தது.