முப்பத்தோரடி ஆழம்

கார் ஷெட்டின் சிமெண்டுத் தரையில், இழுவண்டிமேல் நின்றிருந்தது படகு. அதன் ஆழங்காட்டித் திரையோ கீழே முப்பத்தோரடி தண்ணீர் என்றது.

படகுக்குள் நின்றிருந்த வெர்லின் கருவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். எண் மாறவில்லை. மீன்பிடிப் பயணத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, புதுக் கருவி இப்படி. ஆனால் அவனுடைய உண்மையான கோபம், படகின் முன்பக்கம் உட்கார்ந்து நீர்த்தேக்க வரைபடத்தை விரித்திருந்த மைத்துனன் டாய்ல் மீதுதான்.

"யாரைக் கேட்டுடா வடக்கு அணையில குடில் எடுத்தே?"

"போன வருஷம் தெக்கதான போனோம் மச்சான்? என்னத்தைப் புடிச்சோம்? சளிதான் புடிச்சுது."

"மார்ச் மொத வாரம்டா! தெக்கதான் தண்ணி மொதல்ல சூடாகும். முட்டை போட பாஸ் மீன் அங்கதான் கரைக்கு ஏறும்."

டென்னசியின் பிப்ரவரி மழை தகரக் கூரையில் விடாமல் இரைந்துகொண்டிருக்க, பெட்ரோல் வாடைக்கும் தூண்டிலில் மாட்டும் ரப்பர்ப் புழுக்களின் தித்திப்பு நெடிக்கும் அடியிலிருந்து ஏரிச் சேற்றின் அழுகல் நாற்றம் மெல்ல எழுந்து வந்தது. படகின் அடிப்பலகையை ஏதோ ஈரமாக நக்குவது போலச் சத்தம் கேட்டது.

"உனக்குக் கேக்குதா?"

"நீ பல்லைக் கடிக்கிறதுதான் கேக்குது."

வெர்லின் குனிந்து பார்த்தான். தரை காய்ந்து கிடந்தது. திரையில் தடித்த கோடு ஒன்று முளைத்திருந்தது. மீன் என்றால் வில்லாக வளைந்து தெரியும். இது வளையவில்லை. நீளமாக இருந்தது. இருபத்தெட்டு அடியில் இருந்தது. இருபத்திரண்டுக்கு வந்தது.

சொன்னால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான் இவன்.

"வயசாயிடுச்சு மச்சான் உனக்கு. பேசாம நீ வீட்டுல இரு, படகை மட்டும் குடு. நான் வேற ஆளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

வெர்லின் வாசல் பக்கம் கையை நீட்டினான்.

"எறங்குடா. என் படகுல இருந்து எறங்கு!"

பதினான்கு. ஒன்பது.

டாய்ல் சிரித்துக்கொண்டே ஒரு காலை வெளியே போட்டான். 'நில்லு' என்ற சொல் வெர்லினின் தொண்டை வரை வந்தது. படட்டும் என்று அதை விழுங்கினான்.

கால் தரையில் பட்ட சத்தம் வரவில்லை.

எட்டிப் பார்த்தான். சிமெண்டு. காய்ந்த சிமெண்டு. யாரும் இல்லை.

திரையில் இரண்டு கோடுகள். தடித்தது ஒன்று. மெலிந்தது ஒன்று. இரண்டும் சேர்ந்தே இறங்கின. பதினைந்து. இருபத்தாறு. மெலிந்தது உதறிக்கொண்டே இருந்தது. முப்பத்தொன்றில் நின்றது.

தடித்தது திரும்பியது.

சமையலறைக் கதவு திறந்தது. அவன் மனைவி நெல்டா, டாய்லின் அக்கா, கையைத் துடைத்தபடி படியில் நின்றாள்.

"என்ன கத்தல் இங்க? என் தம்பி எங்க?"

வெர்லின் வாயைத் திறந்தான். குரல் எழவில்லை.

பதினொன்று. ஆறு.

அவள் வெறுங்காலைத் தரையை நோக்கி இறக்கினாள்.