கப்பலிலிருந்து ஒரு ‘ஏனுங்க!’

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். சின்னத் தவறுதான். ஒரே ஒரு சொல்.

அப்பா சரக்குக் கப்பலில் எலக்ட்ரீசியன். தீபாவளிக்கு எங்கள் ஊரான மதுக்கரைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். இன்று மாலை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அம்மாவின் போனில், வாட்ஸ்அப்பில், அப்பாவின் குரல் பதிவு வந்தது.

“மௌனிகா கண்ணு, தீபாவளிக்கு வர முடியாதாட்ட இருக்குது. ஞாயித்துக்கெழம நடுக்கடல்ல ஒரு படகு முழுகப் பாத்துச்சு. கேப்டன் கப்பல நிறுத்திட்டாரு. பதினோரு பேர மேல ஏத்திப்போட்டோம். இப்பத் துறைமுகத்துல, சரக்கு எறங்கலாம், அவங்க எறங்கக் கூடாதுங்கறாங்க. அவங்ககிட்ட பாஸ்போர்ட் இல்ல. அதனால கப்பல் வெளியவே நிக்குது.”

நான் உடனே ‘ஏனுங்கப்பா’ என்று தட்டினேன். எங்கள் ஊரில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் ‘ஏனுங்க’ என்போம். ‘இங்கே பாருங்கள்’ என்பது போல. அடுத்து ‘சாப்டீங்களா? நல்லா இருக்கீங்களா?’ என்று எழுதுவதாக இருந்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லை மட்டும் அனுப்பிவிட்டு போனை அம்மாவின் பையில் போட்டேன்.

மாலை வகுப்பு முடிந்து பார்த்தால் அப்பாவின் பதில்.

‘ஏன்னு கேக்கறயா கண்ணு? நீ இப்படிக் கேப்பீன்னு நெனைக்கல.’

வேகமாக நான்கு வரி எழுதி அனுப்பினேன். ஒரே ஒரு டிக்தான் விழுந்தது. கப்பலில் சிக்னல் இல்லை.

‘ஏனுங்க’ என்று நான் கூப்பிடத்தான் செய்தேன். அப்பாவோ, ‘கப்பலை ஏன் நிறுத்தினீர்கள்?’ என்று நான் கோபமாகக் கேட்டதாக நினைத்துவிட்டார்.

ஆனால் நோட்டில் உண்மையைத்தான் எழுத வேண்டும். யோசித்துப் பார்த்தேன். முக்கால் பங்கு கூப்பிட்டேன். கால் பங்கு ‘ஏன்’ என்று கேட்டேன்.

அக்டோபர் 15, புதன்

இன்னும் ஒரே டிக்தான்.

எங்கள் பேச்சுப் பயிற்சி வகுப்பு கோவை காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நடக்கிறது. இன்று புவனா மிஸ் தலைப்புக் கேட்டபோது, அப்பாவின் கப்பலைப் பற்றிச் சொன்னேன்.

கௌதமன் உடனே எழுந்தான். “மிஸ், டிக்கெட் இல்லாம ஆள ஏத்துனா கண்டக்டருக்குத்தானுங்க மெமோ? பாஸ்போர்ட் இல்லாதவங்கள ஏத்துனது தப்புங்க.”

“பஸ்ஸுல இருந்து எறக்கி உட்டா ரோட்டுல நிப்பாங்க. கடல்ல எங்க நிப்பாங்க?” என்றாள் ரம்ஷா.

மிஸ் சிரித்துக்கொண்டே பலகையில் இரண்டு வரி எழுதினார். ஒன்று: கடலில் உயிருக்குப் போராடுபவரைப் பார்த்தால் கேப்டன் காப்பாற்றியே ஆக வேண்டும். இரண்டு: ஒரு நாட்டுக்குள் யார் வரலாம் என்பதை அந்த நாடே முடிவு செய்யும்.

“ரெண்டுமே சட்டந்தான். இப்ப நீங்க பேசுங்க,” என்றார்.

எனக்குத் திடீரென்று பேச வராது. எதையும் எண் போட்டு எழுதினால்தான் வரும். அதனால் ‘கேப்டனின் கேள்விகள்’ என்று ஒரு தாள் தயாரித்தேன்.

1. உங்கள் பெயர்?
2. எந்த நாடு?
3. பாஸ்போர்ட் உள்ளதா?
4. எங்கே போகிறீர்கள்?
5. மேலே ஏறுங்கள்.

“அருமை. நடிச்சே காட்டிருங்க,” என்றார் மிஸ்.

பெஞ்சு கப்பல் ஆனது. பாய் படகு ஆனது. நான் கேப்டன். ரம்ஷா படகில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

“உங்கள் பெயர்?”

“ரம்ஷா! தண்ணி உள்ள வருது!”

“எந்த நாடு?”

“மொழங்கால் வரைக்கும் வந்துருச்சு!”

“பாஸ்போர்ட் உள்ளதா?”

ரம்ஷா பாயில் நீட்டிப் படுத்துவிட்டாள்.

“நான் முழுகிட்டேன். மிச்சத்த மீன்கிட்டக் கேட்டுக்க.”

வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. ஆனால் தாளைப் பார்த்ததும் தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது. கேள்விகள் தவறில்லை. வரிசைதான் தவறு. பென்சிலால் ஐந்தாவது வரியை அடித்துவிட்டு முதலில் எழுதினேன்.

“மறுபடியும் பண்ணலாமுங்க மிஸ்,” என்றேன்.

இந்த முறை தாளைப் பார்க்க நேரமே இல்லை. ரம்ஷா அப்படிக் கத்தினாள். நான் பெஞ்சிலிருந்து குனிந்து, “ஏனுங்க! கையக் குடுங்க!” என்று கத்திவிட்டேன்.

கேப்டன் பேசுகிற பேச்சா அது! மறுபடியும் சிரிப்பு. ரம்ஷா கையைப் பிடித்து ஏறி, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, “இப்பக் கேளு. எல்லாத்துக்கும் பதில் சொல்றேன்,” என்றாள்.

கௌதமன் மட்டும் சிரிக்கவில்லை. “செரி, ஏத்தியாச்சு. கரையில எறங்க உடலீன்னா?”

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியல. எங்கப்பா கப்பலும் இப்ப அப்படித்தான் நிக்குது. ஆனா அந்தக் கேள்வியக் கேக்கறதுக்குப் பதினோரு பேரும் உசுரோட இருக்காங்கல்ல?”

கௌதமன் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தான். பிறகு, “உங்கப்பாவும் கையக் குடுத்தாரா?” என்று கேட்டான்.

“கேக்கல. ஆனா குடுத்திருப்பாரு,” என்றேன்.

மாடிப்படி இறங்கும்போதுதான் அது தோன்றியது. எழுதினால்தானே ‘ஏனுங்க’ கேள்வி மாதிரி இருக்கிறது? கத்தினால் யாருக்கும் சந்தேகம் வராதே!

கீழே காத்திருந்த அம்மாவிடம் போனை வாங்கி, டவுன் பஸ் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பதிவு செய்தேன்.

“ஏனுங்கப்பா! நான் கூப்புட்டனுங்க. நேத்துக் கொஞ்சூண்டு ஏன்னும் கேட்டேன். அது கால் பங்குதான். இன்னிக்கு அதுவும் இல்லீங்க. எங்கப்பா கப்பல் நின்னுச்சுன்னு கிளாஸ்ல எல்லார்த்துக்கும் சொல்லிப்போட்டேன்.”

கேப்டனின் கேள்விகளையும் படித்துக் காட்டினேன். ரம்ஷா முழுகியதையும் சொன்னேன். அனுப்பினேன். ஒரு டிக்.

அக்டோபர் 16, வியாழன்

பள்ளி விட்டு வந்ததும் அம்மா போனை நீட்டினார். அப்பாவின் குரல். முதலில் வெறும் சிரிப்புதான் கேட்டது.

“அம்மணி, உன்ற தப்ப நானும் பண்ணுனேன். படகு கிட்ட வந்ததும் ‘ஏனுங்க!’ன்னு கத்துனேன். அதுல யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தரு. அவருக்குக் கோவம் வந்துருச்சு. ‘ஏனெண்டோ கேக்கிறியள்? தண்ணி ஏறுது அண்ணை, கயித்தப் போடுங்கோ!’ன்னாரு. கயித்தப் போட்டு, கையப் புடிச்சு மேல இழுத்த பொறகுதான் அது எங்கூருல கூப்புடறதுன்னு சொன்னேன். இப்ப அவரு என்னைய ‘ஏனுங்க அண்ணை’ன்னுதான் கூப்புடறாரு.”

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“துறைமுகத்துல பேச்சு நடக்குது. எப்ப முடியும்னு தெரியல. தீபாவளி எனக்குக் கப்பல்லதான். கண்ணு, உன்ற குரல எல்லார்த்துக்கும் போட்டுக் காட்டுனேன். கேப்டன் அந்தக் கேள்வித்தாளக் கேக்கறாரு. சாப்பாட்டு ரூமுல ஒட்டோணுமாம்.”

இதை மூன்று முறை கேட்டேன். நான்காவது முறை வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். கௌதமன், “கரையில எறங்கறதுக்கும் ஒரு தாள் எழுதோணும். நானும் வாரேன்,” என்றான். அது பெரிய வேலை. ஞாயிற்றுக்கிழமை உட்காருவதாகப் பேசியிருக்கிறோம்.

நாளைய வேலை: கேப்டனின் கேள்விகளை நல்ல தாளில் எழுதிப் படமெடுத்து, பஸ் ஏறுவதற்கு முன் அப்பாவுக்கு அனுப்ப வேண்டும். முதல் வரியில் ‘மேலே ஏறுங்கள்’. அதற்கும் முன்னால் ‘ஏனுங்க’. அதன் பக்கத்தில் கேள்விக்குறி வரக் கூடாது. ஆச்சரியக்குறி. இரண்டு முறை சரிபார்க்க வேண்டும்.